பத்தொன்பதாவது நகம்

அபொண்டியின் கட்டைவிரல் நகத்தில் நகவெட்டி இரண்டு முறை வழுக்கிவிட்டது. இருபது வருடமாக மணலிலும் மீனிலும் அளைந்த நகம், கொம்பு மாதிரி கெட்டிப்பட்டு ஓரம் கறுத்திருந்தது. மூன்றாவது முறை அலுவோச் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். தெறித்த துண்டை மடியில் விரித்திருந்த காகிதத்தில் பிடித்து, உறைக்குள் போட்டு, மேலே பத்தொன்பது என்று எழுதினாள்.

“ஊரே நடமாடுற துறையில உக்காந்து நகம் வெட்டுறோம். எவளாவது பார்த்தா, தங்கச்சிக்காரி அக்காளுக்குச் செய்வினை வைக்கப் போறான்னு கிளப்பி விட்டுருவா” என்றாள் அபொண்டி.

“அப்ப பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பதினெட்டு பேருக்கும் சேர்த்துத்தான் வச்சிருக்கேன். எல்லாம் பையில இருக்கு.”

“அதுல என் மக நகமும் இருக்குடி. அவளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன்.”

அக்காவும் தங்கையும் கவிழ்த்துப் போட்ட படகொன்றின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே கொதியாங் துறையின் மணலே தெரியவில்லை. பழைய வலைகளை விரித்து, அதன்மேல் கண்ணுக்கெட்டிய தூரம் ஒமேனாவைப் பரப்பியிருந்தார்கள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வெள்ளி மீன். விக்டோரியா ஏரியில் பெரிய மீனுக்குத்தான் மரியாதை. ம்பூத்தா என்கிற அந்தப் பெரிய மீனின் சதை ஐஸ் பெட்டியில் ஏறிக் கடல் கடந்து போய்விடும். அதன் முள்ளும் தலையும் துறையிலேயே எண்ணெயில் பொரிபடும். ஒமேனாவுக்கு இல்லாதப்பட்டவர்களின் மீன் என்று பெயர். அந்தப் பெயர் இன்னும் மாறவில்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள் கோழித்தீவன ஆலையின் லாரி துறைக்கு வருகிறது. காய்ந்த ஒமேனாவை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போகிறது.

அலுவோச் நகரத்தில் இருந்த மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வக உதவியாளர். அபொண்டி தலையில் மீன்கூடை சுமந்துதான் அவளைப் படிக்க வைத்தாள். இரண்டு வருடமாக நிலையத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது: இந்த வளைகுடாவில் யார் யாரைத் தின்கிறார்கள் என்பது. மீனின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் அது நேற்றுத் தின்றதுதான் தெரியும். உடம்பைக் கேட்டால் மாதக்கணக்கில் தின்றது தெரியும். நைட்ரஜனில் கனமானது, லேசானது என்று இரண்டு உண்டு. ஒன்றை ஒன்று தின்னும்போது லேசானதில் பெரும்பங்கு கழிவாக வெளியேறிவிடும், கனமானது சதையில் தங்கிவிடும். பாசியைத் தின்ற பூச்சி பாசியைவிடக் கனம். பூச்சியைத் தின்ற மீன் அதைவிடக் கனம். ஒவ்வொரு படிக்கும் எண் ஏறும். கார்பனைக் கேட்டால் அந்தச் சாப்பாடு ஏரியிலிருந்து வந்ததா, சோளக் காட்டிலிருந்து வந்ததா என்பதைச் சொல்லிவிடும். இதையெல்லாம் அலுவோச் ஒரு தடவை அக்காவுக்கு விளக்கிச் சொன்னபோது, “அப்ப நகம் வயித்தைக் காட்டிக் குடுத்துரும்னு சொல்லு” என்று அபொண்டி ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

பாசி, நத்தை, இறால், மீன், நீர்க்காகத்தின் இறகு என்று எழுபத்துநான்கு மாதிரிகள் சேர்ந்திருந்தன. வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். மிச்சம் இருபத்திரண்டு. நிலையத்தின் தலைவர் டாக்டர் ஒயியேக்கே யோசித்துப் பார்த்து, “படத்துல உச்சியில மனுஷனை வரையறோம். அவனை மட்டும் ஏன் அளக்காம விடணும்?” என்றார். அனுமதிக் கடிதங்களுக்கு அவரே அலைந்தார். கரையோரப் பள்ளிக்கூடத்தில் தாய்மார்களின் கையெழுத்தோடு பதினெட்டுக் குழந்தைகள் நகம் கொடுத்தார்கள். பெரியவர்களில் ஒன்று இருக்கட்டும் என்று அக்காவிடம் வந்திருந்தாள் அலுவோச்.

“இன்னும் மூணு இடம் இருக்கு. அத்தானோட நகம் கிடைக்குமா?” என்று கேட்டாள்.

“உங்க அத்தான் தனக்கே கிடைக்க மாட்டாரு. கேக்க வேண்டியவங்களைக் கேளுடி. எங்க மீனு யாரு வயித்துக்குப் போகுது? அந்தக் கோழிங்களுக்குத்தான? அதுங்க நகத்தை வெட்டிட்டு வா.”

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் அலுவோச்சுக்கு அந்தப் பேச்சு முள்ளாக உறுத்திக்கொண்டே வந்தது. மறுநாள் நகரத்துக்கு வெளியே இருந்த பெரிய பண்ணைக்குப் போய், வேலியோரம் காவல்காரரிடம் சிரித்துப் பேசி, மூன்று கோழி இறகுகளை வாங்கி வந்தாள்.

நகங்களைக் கழுவி, உலர்த்தி, நறுக்கி, ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக எடைபோட்டு, வெள்ளீயக் கிண்ணங்களில் வைத்து இடுக்கியால் மடித்தாள். கடுகளவு கிண்ணம். மூச்சு விட்டால் தராசு ஆடும். பத்தொன்பதாவதை மடிக்கும்போது மட்டும் கெட்டி நகம் துள்ளி வெளியே விழுந்து, இரண்டு தடவை திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

இரண்டரை மாதம் கழித்து எண்கள் வந்தன. டாக்டர் ஒயியேக்கே கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒமேனாவுக்கு ஏழு. ம்பூத்தாவுக்குப் பத்து. ஒமேனாவைத் தின்கிற எந்த உயிரும் பத்தையொட்டி இருக்க வேண்டும். குழந்தைகள் ஆறிலும் ஆறரையிலும் நின்றார்கள். கார்பனும் ஏரியைச் சொல்லவில்லை. சோளம் என்றது, பெரும்பாலும் சோளம் என்றது. ஏரியைப் பார்த்துக்கொண்டு எழுந்து, ஏரியில் குளித்து, ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்கிற பிள்ளைகள். அவர்கள் உடம்பில் ஏரி இல்லை. கோழி இறகுகள் மூன்றும் ஒன்பதைத் தொட்டிருந்தன.

“கோழி நம்ம பிள்ளைங்களைவிட மேல்படியில நிக்குது” என்றார் ஒயியேக்கே. ஆராய்ச்சியாளருக்கு எதிர்பாராதது கிடைத்தால் வருகிற பரபரப்பு அவர் குரலில் இருந்தது. பிறகு அது மெல்ல வடிந்தது.

அலுவோச் பத்தொன்பதாவது வரியைத் தேடினாள். ஐந்தே முக்கால். எடை போட்டதில் தவறா என்று குறிப்பேட்டைப் புரட்டினாள். தவறு இல்லை. குழந்தைகளில் மிகத் தாழ்ந்த எண்ணைவிட அது தாழ்வாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் போடுகிற மதிய பீன்ஸாவது குழந்தைகளுக்கு இருக்கிறது. வீட்டில் அபூர்வமாக ஒரு மீன் துண்டு விழுந்தால் அது அவர்கள் தட்டில்தான் விழும். அபொண்டி அடிச்சட்டியைச் சுரண்டுகிறவள். விருந்தாளியாகப் போகும்போதெல்லாம், ‘நான் அப்பவே சாப்பிட்டேன்டி’ என்று அக்கா சொல்வதை அலுவோச் நம்பியிருக்கிறாள். இத்தனை வருடப் பொய்யும் ஒரு எண்ணாகத் திரையில் நின்றது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அந்த மாதமே மாவட்ட அலுவலகத்தில் ஒரு கூட்டம் இருந்தது. பள்ளிகளின் மதிய உணவுப் பட்டியலைக் குறைக்கப் போகிறார்கள். கரையோரப் பள்ளிகளை நீக்குவதாக யோசனை. மீன் கிடைக்கிற இடத்தில் பீன்ஸ் எதற்கு என்பது காரணம். வருடத்துக்கு இத்தனை டன் மீன் கரையேறுகிறது, கரையில் இத்தனை பேர் இருக்கிறார்கள், வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஒயியேக்கே தன் படத்தோடு போனார். படம் ஓட்டுவதற்கு அலுவோச் போனாள்.

ஊட்டச்சத்துத் துறை அதிகாரி ஓபுரா அமைதியாகக் கேட்டார். நல்ல சட்டை, நிதானமான பேச்சு, பிறந்தது கரையோரத்தில்தான். ஒயியேக்கே முடித்ததும் அவர் முதலில் கைதட்டினார்.

“அருமை, டாக்டர். நெஞ்சைத் தொட்டுட்டீங்க. நானும் இந்த மீனைத் தின்னு வளர்ந்தவன்தான். பிரச்சினை எங்கன்னு இப்பத்தான் விளங்குது. மீன் இருக்கு. கரை முழுக்க இருக்கு. ஆனா தாய்மாரு பிள்ளைங்களுக்குக் குடுக்கிறதில்ல. வித்துடுறாங்க. இது பஞ்சம் இல்லீங்க, அறியாமை. பீன்ஸ் குடுத்தா அந்த அறியாமை போகுமா? போகாது. ஒரு நாள் பயிற்சி வைப்போம்.”

அறையில் தலைகள் ஆடின. ஒயியேக்கே வாயைத் திறந்தார். மேசையின் மறுபக்கம் அடுத்த ஆராய்ச்சிக்கு ஒப்புதல் தர வேண்டியவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். தேநீரை எடுத்துக் குடித்தார். அலுவோச்சுக்குக் காது இரண்டும் சுட்டது. தன் கையால் கழுவி, உலர்த்தி, மடித்து அனுப்பியது இப்படித் திரும்பி வந்து அக்காவின் தலையில் விழும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. எழுந்து நின்றாள்.

“சார், பத்தொன்பதாவது எண்ணைப் பாருங்க. அது ஒரு தாயோடது. பிள்ளைங்களைவிடக் கீழ கிடக்கு. பிள்ளைக்குக் குடுக்காம தின்னிருந்தா அது மேல நிக்கணும்.”

“நீங்க...?”

“ஆய்வகத்துல வேலை பாக்கிறேன்.”

“நல்லதும்மா. ஆனா ஒரே ஒரு நகத்தை வச்சு ஒரு முடிவு எடுக்க முடியாதில்ல?”

“பதினெட்டு நகத்தை வச்சு ஊர்ல இருக்கிற அத்தனை தாயையும் திட்ட முடியுது. ஒரு நகத்தை வச்சு ஒருத்தியை நம்ப முடியாதா சார்?”

யாரோ இருமினார்கள். ஓபுரா முகம் மாறாமல் புன்னகைத்தார். “உணர்ச்சிவசப்படாதீங்க” என்றார். குறிப்பெழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டார். கொதியாங் பள்ளியின் பெயர் பட்டியலில் அடிக்கப்பட்டது. அதே பக்கத்தில் கீழே, தாய்மார்களுக்கான விழிப்புணர்வுப் பயிற்சி, மூன்று துறைகள், முதலாவது கொதியாங், தொழில்நுட்ப உதவி ஆராய்ச்சி நிலையம் என்று எழுதப்பட்டது. வெளியே வந்ததும் ஒயியேக்கே, “நல்லாக் கேட்டே” என்று மெதுவாகச் சொன்னார். “உள்ள சொல்லியிருக்கலாமே சார்” என்றாள் அவள்.

பயிற்சிக்கு முந்தின நாள் அவள் துறைக்குப் போனாள். அபொண்டிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கொதியாங் துறையின் தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார். நகங்களைச் சோதித்ததில் கொதியாங் பெண்கள் பிள்ளைகளைப் பட்டினி போடுவது தெரியவந்திருக்கிறது, எல்லோரும் தவறாமல் வரவேண்டும் என்று.

அபொண்டி ஒமேனாவைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருந்தாள். தலை நிமிரவில்லை.

“வாம்மா, படிச்சவளே. நகம் கேட்ட, குடுத்தேன். என் பிள்ளைக்கு நான் சோறு போடலைன்னு ஊரைக் கூட்டிச் சொல்றதுக்கா கேட்ட?”

“நான் அப்படிச் சொல்லலை அக்கா.”

“அப்ப யாரு சொன்னா? நகமா பேசுச்சு?”

“அவங்க திரிச்சுட்டாங்க. நான் எழுந்து கேட்டேன்...”

“கேட்டியா? கேட்டு என்ன ஆச்சு? நேத்திலேர்ந்து பள்ளிக்கூடத்துல அடுப்பு எரியலை. என் மக அடோயோ ரெண்டு மணிக்கு வந்து பானையைத் திறந்து பாக்குறா. நியார்-உயோமா பிள்ளையைப் பட்டினி போடுறவன்னு பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறா. அவ பிள்ளை நகமும் அதே பையிலதான இருந்துச்சு!” உயோமாவிலிருந்து வாழ வந்தவள் என்பதால் துறையில் அவளுக்கு நியார்-உயோமா, அதாவது உயோமாவின் மகள், என்று பெயர். கோபம் வந்தால் தன்னையே அந்தப் பெயரால்தான் சொல்லிக்கொள்வாள்.

அலுவோச் ஐந்தே முக்கால் என்ற எண்ணைச் சொல்லவேண்டும் என்றுதான் வந்திருந்தாள். ‘நீ சாப்பிடறதே இல்லையே அக்கா’ என்று கேட்க நினைத்திருந்தாள். ஆனால் அதைச் சொன்னால், ஒளித்து வைத்திருக்கும் கடைசிப் பொருளையும் பறித்தது போலாகிவிடும் என்று பட்டது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வலையின் மறுமுனையில் உட்கார்ந்து மீனைப் புரட்டினாள். அபொண்டி தடுக்கவில்லை. பார்க்கவும் இல்லை.

மறுநாள் மதியம் துறையில் தார்ப்பாய்ப் பந்தல் போட்டு ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. பெண்கள் லேசோத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பயிற்சிக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு அவித்த முட்டையும் சோடாவும் தரப்பட்டன. இடத்தை அசுத்தப்படுத்தக் கூடாது, ஓடுகளை இதில் போடுங்கள் என்று ஓபுராவின் உதவியாளர் ஒரு அலுமினியப் பேசினைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

ஓபுரா ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். மூளை வளர்ச்சி, எலும்பு, இரத்தம், எல்லாவற்றுக்கும் ஒமேனா எவ்வளவு நல்லது என்று படம் காட்டினார். படத்தில் இருந்த ஒமேனாவைப் பெண்கள் பார்த்தார்கள். பந்தலுக்கு வெளியே வெயிலில் கிடந்த ஒமேனாவையும் பார்த்தார்கள்.

“ஒரு நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். இதுல என்ன கஷ்டம்? யாராவது சொல்லுங்க.”

அபொண்டி எழுந்தாள். “நான் சொல்றேன் சார். ஒரு கிண்ணம் ஒமேனாவை லாரிக்காரன்கிட்ட குடுத்தா நாலு கிண்ணம் சோளமாவு வாங்கலாம். வீட்டுல ஆறு வயிறு. ஒமேனாவைப் போட்டா ரெண்டு வயிறு ரொம்பும். மாவைக் கிண்டிப் போட்டா ஆறும் தூங்கும். எந்த நாலு வயித்தை எழுப்பி வைக்கட்டும்? நீங்களே சொல்லுங்க.”

சிரிப்பு எழுந்தது. ஓபுராவும் சிரித்தார். “திட்டமிட்டுச் செலவு பண்ணணும்மா. அதைத்தான் அடுத்த படத்துல...”

“லாரிக்காரன்கிட்டயும் ஒரு படம் காட்டுங்களேன். அவனுக்குப் பயிற்சி எப்ப?”

“அது வேற துறை.”

“அப்ப சரி. இந்த முட்டை எந்தத் துறை சார்?” முட்டையை உயர்த்திப் பிடித்தாள். “எங்க மீனு லாரி ஏறிப் போயி, கோழிக்குள்ள பூந்து, வெள்ளையா உருண்டையா எங்ககிட்டயே திரும்பி வந்திருக்கு. போகும்போது மூட்டையாப் போச்சு. வரும்போது ஆளுக்கு ஒண்ணு. அதுவும் எங்களுக்குப் புத்தி சொல்ல வந்த அன்னைக்கு மட்டும்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தி, “அய்யா நகத்தையும் வெட்டிக் குடுக்கட்டும், பார்ப்போம்” என்றாள். இன்னொருத்தி, “ஆமா, அளந்துருவோம்” என்றாள். அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. ஓபுரா அலுவோச்சைத் திரும்பிப் பார்த்தார், நீ சொல்லேன் என்பதுபோல. தொழில்நுட்ப உதவி அவள்தானே. அவள் எழுந்து ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினாள்.

“இங்க இருக்கிற தாய் ஒருத்தி நகத்தை நான் அளந்தேன்” என்றாள். “அந்தப் பதினெட்டுப் பிள்ளைங்களைவிட அவதான் கம்மியாச் சாப்பிட்டிருக்கா. இதை இவங்ககிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேன். எழுதிக்கலை. உங்ககிட்டயும் சொல்லிடறேன். யாரு பிள்ளையும் எந்தத் தாயாலயும் பட்டினி கிடக்கலை.”

அபொண்டி தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். அந்தத் தாய் யார் என்று கேட்கவில்லை. அவள் முகம் ஒரு கணம் உடைந்து, மறுபடியும் இறுகியது. ஓபுரா ஒலிபெருக்கிக்குக் கை நீட்டினார்.

அப்போதுதான் ஏரிப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. தார்ப்பாய் ஒரு அடி அடித்தது. யாரோ, “மழை!” என்று கத்தினார்கள். அவ்வளவுதான். நனைந்த ஒமேனா ராத்திரிக்குள் நாறிவிடும். லாரிக்காரனும் தொடமாட்டான், களிக்குத் தொட்டுக்கொள்ளவும் ஆகாது. ஐம்பது பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். நாற்காலிகள் சரிந்தன. “இன்னும் ரெண்டு படம் இருக்கு, உக்காருங்கம்மா, உக்காருங்க” என்ற குரல் கரகரத்துக்கொண்டு பின்னால் கேட்டது.

அலுவோச் ஒலிபெருக்கியை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினாள். அபொண்டியின் வலையின் ஒரு முனையைப் பிடித்து மடக்கினாள். மறுமுனையை அபொண்டி இழுத்தாள். ஒரு கையால்தான் இழுத்தாள். “ரெண்டு கையாலயும் பிடி அக்கா!” என்று அலுவோச் கத்தினாள். அபொண்டி கேட்காதவள்போல ஒற்றைக் கையாலேயே மீனை அள்ளி அள்ளிச் சாக்கில் போட்டாள். பக்கத்து வலையிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். துறை முழுக்கப் பெண்கள் ஒரு கையால் மீனை அள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் லேசோவின் முடிச்சைப் பொத்திப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்தார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு முட்டையளவுக்குப் புடைத்திருந்தது.

முதல் துளிகள் கனமாக விழுந்தன. அலுவோச் திரும்பிப் பார்த்தாள். பந்தலில் ஓபுரா கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். தார்ப்பாய் கிழிந்த இடத்தின் வழியே மழை நேராக அந்த அலுமினியப் பேசினில் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துண்டு ஓடுகூட இல்லை. தண்ணீர் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.